எதிக்ஸ் – ஆய்வு நெறிமுறை

கொழும்பில் மருத்துவம், உளவியல் படிக்கும் பிள்ளைகள் இறுதியாண்டு ஆய்வு தொடங்கும் காலத்தில் ஒருவரையொருவர் கேட்பது: "எதிக்ஸ் கிடைச்சிட்டுதா?" கின்சி வீதி மருத்துவ பீடத்திலும் சரி, விஜேராம மாவத்தையில் உள்ள இலங்கை மருத்துவச் சங்கத்திலும் சரி, அதைத் தருவது ஒரு மீளாய்வுக் குழு. இந்தப் பேச்சில் எதிக்ஸ் என்பது ஆய்வைத் தொடங்கலாம் என்று கையில் கிடைக்கும் ஓர் அனுமதிக் கடிதம்.

சொல்லின் வேர் 'ஈதொஸ்' என்னும் கிரேக்கச் சொல். வழக்கம், குணம் என்று பொருள். தமிழில் இதற்கு மிக நெருக்கமானது 'ஒழுக்கம்'; ஒழுகு என்னும் வினையிலிருந்து வந்தது, இடைவிடாமல் ஒரு வழியில் நடந்துவருவது. ஆனால் இன்று ஒழுக்கம் என்றதும் ஒருவருடைய சொந்த நடத்தைதான் நினைவுக்கு வருகிறது. 'அறம்' முழு வாழ்க்கைக்கும் உரியது, ஆய்வுக்கூடத்துக்குள் சுருக்க மனம் வரவில்லை. நெறி என்றால் வழி. பலர் கூடி வகுத்து, தேவைப்படும்போது திருத்தும் வழி என்பதால் 'ஆய்வு நெறிமுறை'யே சரி என்பேன்.

வகுத்தவர்கள் யார்? ஒரே அதிகாரம் என்று எதுவும் இல்லை. நாசி முகாம்களில் கைதிகள்மீது சோதனை நடத்திய மருத்துவர்களை விசாரித்த நீதிபதிகள் 1947இல் தீர்ப்போடு சேர்த்து எழுதியதுதான் 10 கூறுகள் கொண்ட நியூரம்பேர்க் விதிக்கோவை. தானாக முன்வந்து தரும் சம்மதம் இன்றியமையாதது என்பது அதன் முதற்கூறு. 1964இல் உலக மருத்துவச் சங்கம், மனிதரிடம் நடத்தும் மருத்துவ ஆய்வுக்கான ஹெல்சிங்கி பிரகடனத்தை வெளியிட்டது. ஆய்வுத் திட்டத்தைச் சுயாதீனமான ஒரு குழு பார்க்க வேண்டும் என்ற விதி 1975இல் டோக்கியோவில் நடந்த திருத்தத்தில் சேர்ந்தது. கொழும்புப் பிள்ளைகள் காத்திருக்கும் கடிதத்துக்கு மூலம் அங்கேதான் இருக்கிறது. 2024 திருத்தம், ஆய்வுக்கு 'உட்படுத்தப்படுவோர்' என்பதை விட்டுப் 'பங்கேற்பாளர்' என்று அழைக்கிறது. இது நல்ல மாற்றம்.

இந்தப் பிரகடனங்கள் தாமாகச் சட்டம் ஆவதில்லை. இலங்கையில் மருந்துகளைப் புதிதாக மனிதரிடம் பரிசோதிக்க, 2015ஆம் ஆண்டின் 5ஆம் இலக்கச் சட்டத்தின்கீழ் தேசிய மருந்துகள் ஒழுங்குமுறை அதிகார சபையின் அனுமதியும் வேண்டும்.

அப்புறம், தமிழில் அடிக்கடி கெட்டுப்போகும் இன்னொரு சொல், 'இன்ஃபோம்ட் கன்சென்ட்' (informed consent) என்பதற்கு எழுதப்படும் 'அறிவுறுத்தப்பட்ட சம்மதம்'. அறிவுறுத்துவது புத்தி சொல்வது. இங்கே வேண்டியது அதுவல்ல, விளங்கிக்கொண்டு தரும் சம்மதம். 'விளங்கிய சம்மதம்' என்றாலே போதும். வத்தளையிலோ கொட்டாஞ்சேனையிலோ ஓர் அம்மா கையெழுத்திடும் தமிழ்ப் படிவம், சிங்கள மூலத்தையோ ஆங்கில மூலத்தையோ சொல்லுக்குச் சொல் மாற்றியதாக இருக்கக் கூடாது. "நீங்கள் விரும்பிய நேரம் விலகலாம். விலகினாலும் உங்கள் சிகிச்சை வழமைபோல நடக்கும்" என்று அவர் பேசும் தமிழில் இருக்க வேண்டும்.