ஊசியில் போன இன்சுலினைத் திரும்ப அழைக்க முடியாது

பங்குனி வெயிலில், செட்டிநாட்டுப் பள்ளி ஒன்றின் செம்மண் மைதானத்தில், மதிய உணவுக்கு முந்தைய பாடவேளையில் முதல் வகை நீரிழிவுள்ள மாணவி ஒருத்தி கோ-கோ ஆடுகிறாள் என்று வைத்துக்கொள்வோம். திடீரென்று அவளுக்கு வியர்த்துக் கொட்டுகிறது, கை நடுங்குகிறது, காரணமின்றித் தோழியிடம் எரிந்து விழுகிறாள். அந்த வெயிலில் எல்லாக் குழந்தைகளுக்கும் வியர்க்கும் என்பதால், இது சர்க்கரை குறைவதன் அறிகுறி என்று ஆசிரியருக்குத் தோன்றாமலே போகலாம்.

முதல் வகை நீரிழிவில், உடலின் நோய் எதிர்ப்பு மண்டலமே கணையத்தில், இரத்தச் சர்க்கரையைக் குறைக்கும் இன்சுலினைச் சுரக்கும் பீட்டா செல்களை அழித்துவிடுகிறது. இனிப்பு தின்றதால் வருவதன்று இது. பெற்றோரைக் குறை சொல்வதிலும் நியாயமில்லை. நலமான உடலில், ஓடத் தொடங்கியதும் கணையம் இன்சுலினைக் குறைத்துக்கொள்ள, கல்லீரல் தன் சேமிப்பிலிருந்து குளுக்கோஸை வெளியிடும். ஆனால் இந்நோயுள்ள குழந்தைக்குக் காலையில் ஊசியால் தோலுக்கடியில் ஏற்றிய இன்சுலின், குழந்தை ஓடினாலும் அமர்ந்திருந்தாலும் தன் வேலையைச் செய்துகொண்டே இருக்கும். ஓடும் தசைகளோ இன்சுலினின் துணையில்லாமலும் குளுக்கோஸை எடுத்துக்கொள்வதால், இரண்டும் சேர்ந்து இரத்தச் சர்க்கரையை இறக்குகின்றன. அது டெசிலிட்டருக்கு 70 மில்லிகிராமுக்குக் கீழே போனால் உடனே கவனிக்க வேண்டும். நடுக்கமும் வியர்வையும், அவசரத்தில் உடல் சுரக்கும் அட்ரினலினால் வருபவை. எரிச்சலும் குழப்பமும், குளுக்கோஸையே பெரிதும் நம்பியிருக்கும் மூளைக்கு அது போதாமையால் வருபவை. அந்த எரிச்சலை அடங்காமை என்று தண்டிப்பது கொடுமை.

தேவைப்படுவது விரைவில் இரத்தத்தில் கலக்கும் சர்க்கரை. உடல் எடையில் கிலோவுக்குச் சுமார் 0.3 கிராம் குளுக்கோஸ், அதாவது 30 கிலோ எடையுள்ள குழந்தைக்கு 9 கிராம், தண்ணீரில் கரைத்துக் கொடுத்துவிட்டு, 15 நிமிடங்களில் மீண்டும் சோதிக்க வேண்டும். இனிப்புதானே என்று அதிரசமோ கந்தரப்பமோ சாக்லேட்டோ கொடுத்தால், அவற்றிலுள்ள கொழுப்பு செரிமானத்தைத் தாமதப்படுத்தும். சர்க்கரை குறைந்த குழந்தையைத் தனியாக அலுவலக அறைக்கு அனுப்பக் கூடாது. நினைவு தப்பியிருந்தால் வாயில் எதையும் ஊற்றாமல், ஒருக்களித்துப் படுக்கவைத்து 108-ஐ அழைக்க வேண்டும்.

சோதிக்கும் கருவி வகுப்பிலேயே குழந்தையின் கைக்கெட்டும் இடத்தில் இருப்பது நல்லது. குளுக்கோமீட்டரின் பட்டையிலுள்ள நொதி, இரத்தத்திலுள்ள குளுக்கோஸிலிருந்து எலக்ட்ரான்களைப் பிரித்தெடுக்கிறது. அவை மின்முனையை அடையும்போது எழும் மின்னோட்டத்தின் அளவே சர்க்கரையின் அளவாகத் திரையில் தெரிகிறது. இது முழுக்க மின்வேதியியல்! வள்ளல் அழகப்பர் நிலம் வழங்க, அத்துறைக்கென்றே 1953-இல் தேசிய ஆய்வு நிறுவனம் திறக்கப்பட்ட ஊர் காரைக்குடி. இவ்வட்டார அறிவியல் ஆசிரியர்கள் அந்தப் பட்டையையே பாடமாக்கினால், மறைவில் விரல் குத்திக்கொள்ளும் குழந்தைக்குக் கூச்சம் குறையும்.

சர்க்கரை கூடினால் தாகமும் சிறுநீரும் மிகும். அப்போது வெளியே போக அனுமதி மறுக்கக் கூடாது. இன்னொன்றும் உண்டு: ஆடிக் களைத்த தசைகள் தம் சேமிப்பை நிரப்பிக்கொள்ளப் பல மணி நேரம் குளுக்கோஸை எடுத்துக்கொண்டே இருப்பதால், மாலை ஆட்டத்தின் விளைவு நள்ளிரவிலும் தெரியலாம். ஆகவே போட்டிப் பயிற்சி நீண்ட நாளில், உடற்கல்வி ஆசிரியர் அன்று மாலையே வீட்டுக்குத் தகவல் சொன்னால், தாய் உறங்கப்போகுமுன் குழந்தையின் சர்க்கரையை ஒருமுறை சோதித்துக்கொள்வார்.