பந்து ஆடுகிற பிள்ளையின் படிப்பை நிறுத்தாதீர்கள்

முட்டியில் லிகமென்ட் (எலும்புகளை இணைக்கும் நார்) கிழிந்து வரும் பிள்ளைகளிடம், ஸ்கேன் படத்தை விரிக்கும் முன்பே நான் கேட்பது ஒன்று உண்டு: "என்ன படிக்கிறே?" கால்பந்துக் காயம் பார்க்கிற டாக்டருக்கு இது எதற்கு என்று கூட வந்திருக்கும் அப்பா அம்மாவுக்குத் தோன்றும். பேச்சுக் கொடுப்பதற்காகக் கேட்கிறேன் என்று நினைத்துக்கொள்வார்கள். எனக்கோ, அடுத்த ஒன்பது மாதம் எப்படிப் போகும் என்பதில் பாதி அந்தப் பதிலிலேயே தெரிந்துவிடும்.

"படிப்பை விட்டாச்சு டாக்டர், இப்போ ஃபுட்பால் மட்டும்தான்." இந்தப் பதில் வரும்போதுதான் கவலைப்படுகிறேன். ஏன் என்று சொல்கிறேன்.

ஏ.சி.எல். என்பது முட்டியின் நடுவே இருக்கும் லிகமென்ட். பெரும்பாலும் யாரும் வந்து மோதாமலேயே கிழியும். வேகமாக ஓடிவந்து சட்டென்று திரும்பினாலே போதும். "டப்புனு ஒரு சத்தம் கேட்டுச்சு" என்பார்கள். சில மணி நேரத்தில் முட்டி வீங்கிவிடும். ஆபரேஷனில் அதே காலிலிருந்து ஒரு தசைநாரை எடுத்து அந்த இடத்தில் வைத்துப் பொருத்துகிறோம். பொருத்திய உடனே அது லிகமென்ட் ஆகிவிடாது. புது ரத்தக்குழாய்கள் அதற்குள் வளர்ந்து, உடம்பு அதைத் தன்னுடையதாக ஆக்கிக்கொள்ள மாதக்கணக்கில் ஆகும். நடுவில் ஒரு கட்டத்தில், வைத்தபோது இருந்த பலம்கூட அதில் இருக்காது. வலி போய், வீக்கம் வற்றி, பையன் "நல்லாத்தான் இருக்கேன்" என்று ஓட ஆரம்பிப்பதும் ஏறக்குறைய அந்தச் சமயத்தில்தான். ஒன்பது மாதம் ஆகும் முன் போட்டிக்குத் திரும்புகிறவர்களுக்கு மறுபடி கிழியும் ஆபத்து கூடுதல் என்று நாங்கள் திரும்பத் திரும்பச் சொல்வது இதனால்தான்.

ஆட்டத்தைத் தவிர வேறொன்றும் கையில் இல்லாத பிள்ளையால் அத்தனை நாள் காத்திருக்க முடிவதில்லை. வியாசர்பாடி, பெரம்பூர் பக்கத்துப் பையன்கள் பலரிடம் பார்க்கிறேன். "சும்மா டர்ஃப்ல கோல்கீப்பரா நின்னேன் சார்" என்று ஐந்தாவது மாதத்திலேயே முட்டி வீங்கி வந்து நிற்பார்கள். அவர்களைத் திட்டி என்ன பயன்? எழுந்ததும் போக மைதானத்தை விட்டால் வேறு இடம் இல்லை. கல்லூரியோ பரீட்சையோ கையில் இருக்கும் பிள்ளைகள், என் அனுபவத்தில், இவர்களைவிடப் பொறுமையாகப் பயிற்சி செய்கிறார்கள். காலைப் பற்றியே நாள் முழுக்க யோசிக்காததால் மனசும் அவ்வளவாக உடைவதில்லை.

டென்மார்க்கின் முன்கள வீராங்கனை நாடியா நதீம் இதற்கு நல்ல உதாரணம். ஆப்கானிஸ்தானில் ஹெராத் நகரில் பிறந்தவர். அவருடைய அப்பாவைத் தாலிபான்கள் கொன்ற பிறகு, அம்மாவோடும் சகோதரிகளோடும் டென்மார்க்குக்கு அகதியாகப் போனார். முறையாகப் பந்தாடத் தொடங்கியது அங்கேதான். 2017 பெண்கள் ஐரோப்பியக் கோப்பை இறுதியாட்டத்தில் டென்மார்க்குக்காகக் கோல் போட்டவர். அமெரிக்கா, இங்கிலாந்து, பிரான்ஸ் என்று ஊர் ஊராக ஆடிக்கொண்டே ஆர்ஹுஸ் பல்கலைக்கழகத்தில் மருத்துவமும் படித்தார். 2021 செப்டம்பரில் அமெரிக்காவில் ஆடும்போது ஏ.சி.எல். கிழிந்தது. 2022 ஜனவரியில் டாக்டர் ஆகிவிட்டார். படிப்பு முட்டியைக் காப்பாற்றும் என்று சொல்ல வரவில்லை, லிகமென்டுக்குப் பட்டம் தெரியாது. ஆனால் ஒரு வீராங்கனையின் வாழ்க்கையில் மிக வெறுமையான மாதங்களாக இருந்திருக்க வேண்டியவை அவருக்கு அப்படி இல்லை.

சில காயங்களுக்குத் திரும்பி வரும் வழியே கிடையாது. பிரேசிலின் டொஸ்டாவோவுக்கு 1969-இல் அதுதான் நேர்ந்தது. கொரிந்தியன்ஸ் அணிக்கு எதிரான ஆட்டம். எதிரணித் தடுப்பாட்டக்காரர் ஓங்கி உதைத்த பந்து இடது கண்ணில் பட்டு, விழித்திரை பிரிந்துவிட்டது. அப்போது அவருக்கு 22 வயது. அமெரிக்காவில் ஹூஸ்டனுக்குப் போய் ஆபரேஷன் செய்துகொண்டு, 1970-இல் மெக்சிகோவில் உலகக் கோப்பை வென்ற அணியில் பெலேயோடு ஆடினார். ஆனால் கண் மறுபடி தொல்லை கொடுத்தது. 1973-இல், 26 வயதில், ஆட்டத்தை விட வேண்டி வந்தது. உலகக் கோப்பை வென்றவர் அதற்குப் பிறகு மருத்துவக் கல்லூரி மாணவராகப் போய் உட்கார்ந்தார்; டாக்டரானார், மாணவர்களுக்குப் பாடமும் நடத்தினார். கால்பந்துப் பக்கம் பத்தி எழுத்தாளராகத் திரும்பி வந்தது பல ஆண்டுகள் கழித்துத்தான்.

இந்த இடத்தில் ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். கண்ணில் பந்து பட்ட பிறகு மின்னல் வெட்டுகிற மாதிரி வெளிச்சம் தெரிந்தால், கறுப்புப் புள்ளிகள் மிதந்தால், ஒரு பக்கத்தில் திரை இறங்கினாற்போல மறைத்தால், அன்றைக்கே கண் மருத்துவரிடம் போக வேண்டும். சொட்டு மருந்து விட்டுக்கொண்டு நாளைக்குப் பார்க்கலாம் என்று இருக்கக் கூடாது. அடிபட்டுச் சில வாரங்கள், மாதங்கள் கழித்தும் இது வரலாம்.

ஆட்டத்தையும் மருத்துவத்தையும் சேர்த்துச் செய்தவர்கள் இன்னும் இருக்கிறார்கள். 1974 முதல் 1976 வரை கிளப்புகளுக்கான ஐரோப்பியக் கோப்பையைத் தொடர்ந்து மூன்று முறை வென்ற, ஜெர்மனியின் பேயர்ன் மியூனிக் அணியின் யூப் கப்பெல்மன், ஆடிக்கொண்டே மருத்துவம் படித்து எலும்பு மருத்துவர் ஆனார். 1986-இல் உலகக் கோப்பை வென்ற அர்ஜென்டினாவின் பயிற்சியாளர் பிலார்டோ மருத்துவப் பட்டதாரி. அந்த அணியின் டாக்டர் ரவுல் மடேரோ, எஸ்துதியாந்தெஸ் கிளப்பில் அவரோடு சேர்ந்து ஆடியவர்.

இதெல்லாம் வெளிநாட்டில் நடக்கும் என்கிறவர்களுக்கு நான் சொல்லும் பெயர் தாலிமெரென் ஆவ். 1918-இல் நாகா மலையில் சாங்கி கிராமத்தில் பிறந்தவர். மகன் டாக்டராகித் தன் மக்களுக்கு வேலை செய்ய வேண்டும் என்பது பாதிரியாரான அப்பாவின் ஆசை. கல்கத்தாவில் கார்மைக்கேல் மருத்துவக் கல்லூரியில் சேர்ந்தார், இன்றைய ஆர்.ஜி. கர் கல்லூரி அதுதான். படித்துக்கொண்டே மோகன் பகானில் தடுப்பாட்டக்காரராக ஆடி அணித் தலைவரும் ஆனார். 1948 லண்டன் ஒலிம்பிக்கில் சுதந்திர இந்தியாவின் முதல் கால்பந்து அணிக்குத் தலைவர், தொடக்க விழாவில் கொடி பிடித்தவர், இரண்டும் அவரே. பிரான்ஸுடன் நடந்த ஆட்டத்தில் நம்மவர்களில் பெரும்பாலோர் பூட்ஸ் போடவில்லை. சாரங்கபாணி ராமன் ஒரு கோல் போட்டார். இரண்டு பெனால்டிகள் வீணாயின. 2–1 என்று தோற்றோம். அந்தப் புகழோடு கல்கத்தாவிலேயே இருந்திருக்கலாம். அவர் 1950-இல் எம்.பி.பி.எஸ். முடித்து ஊருக்குப் போய்விட்டார். கோஹிமாவில் அரசு மருத்துவராக வேலை பார்த்து, நாகாலாந்தின் சுகாதாரத் துறை இயக்குநர் ஆகி, 1978-இல் ஓய்வு பெற்றார். ஒலிம்பிக் கேப்டன் என்று தெரியாமலேயே அவரிடம் வைத்தியம் பார்த்துக்கொண்டவர்கள் எத்தனை பேரோ! இந்தப் பெயர் நம் பள்ளிப் பிள்ளைகளுக்குத் தெரியாமல் இருப்பது எனக்கு வருத்தமாகவே இருக்கிறது.

கால்பந்து வீரர் சாக்ரடீஸையும் சொல்ல வேண்டும். பிரேசிலின் ரிபெய்ராவ் பிரெத்தோவில் மருத்துவம் படித்துக்கொண்டே, அதே ஊரின் பொத்தஃபோகோ கிளப்பில் ஆடினார். கொரிந்தியன்ஸ் என்ற பெரிய கிளப்புக்கு 1978-இல் போனது படிப்பை முடித்துவிட்டுத்தான். 1982 உலகக் கோப்பையில் பிரேசிலின் கேப்டன். ஆனால் அந்த டாக்டர் சிகரெட்டையும் மதுவையும் விடவில்லை. 2011-இல் வயிற்றில் ரத்தக்கசிவு என்று திரும்பத் திரும்ப மருத்துவமனையில் சேர்ந்தார். டிசம்பரில், 57 வயதில், தொற்று முற்றி இறந்தார். ஆடும்போது உடம்பு எல்லாவற்றையும் தாங்குகிறது என்ற தெம்பில் பதினெட்டு வயதில் புகையைத் தொடும் பிள்ளைகள் என்னிடம் வருகிறார்கள். மருத்துவம் முழுக்கப் படித்தவரையே அந்தப் பழக்கம் விட்டுவைக்கவில்லை என்று அவர்களுக்குச் சொல்கிறேன்.

சரி, வீட்டில் என்ன செய்யலாம்? தாலிமெரெனும் சாக்ரடீஸும் படித்த ஊரிலேயே ஆடினார்கள் என்பதைக் கவனியுங்கள். பயிற்சிக்கும் பள்ளிக்கும் நடுவில் இரண்டு மணி நேரம் பஸ்ஸிலேயே போனால், படிப்பும் கெடும், தூக்கமும் கெடும். அகாடமி தேர்ந்தெடுக்கும்போது தூரத்தையும் பாருங்கள். விடுதியில் சேர்ப்பதானால் பரீட்சை மாதத்தில் பயிற்சியைக் குறைப்பார்களா என்று முதல் நாளே கோச்சிடம் கேளுங்கள். பள்ளிக்குப் போகவே முடியாத நிலை வந்தால் தேசியத் திறந்தநிலைப் பள்ளி வழியாகப் பத்தாவதும் பன்னிரண்டாவதும் எழுதலாம்.

பொதுத்தேர்வு வருடத்தில் ஆட்டத்தை அடியோடு நிறுத்துகிற பெற்றோருக்கும் ஒரு வார்த்தை. ஒரு வருடம் உட்கார்ந்தே இருந்துவிட்டு, பரீட்சை முடிந்த வாரமே கோடைக்காலப் போட்டியில் இறங்கும் பிள்ளைகளால் மே மாதத்தில் என் கிளினிக் நிறைகிறது. வாரத்தில் இரண்டு மூன்று நாளாவது ஆட விடுங்கள். ஆடும் முன் 'ஃபிஃபா 11+' என்ற பயிற்சித் தொகுப்பைச் செய்யச் சொல்லுங்கள். ஓட்டம், தொடைக்கும் இடுப்புக்கும் பலம் தரும் பயிற்சி, ஒற்றைக் காலில் நிற்பது, குதித்து முட்டி உள்பக்கம் வளையாமல் இறங்குவது என எல்லாம் சேர்த்து இருபது நிமிடம். பந்து ஒன்று போதும், வேறு சாமான் வேண்டாம். ஏ.சி.எல். கிழிவது பெண் பிள்ளைகளுக்குப் பையன்களைவிட அதிகம் என்பதால், பெண்கள் அணி கோச்சுகள் இதை ஒரு நாளும் விடக் கூடாது.