“ரவுடியைத்தானே சுட்டார்” என்பவர்களுக்கு

என்கவுன்டர் வழக்கில் காவலருக்கு ஆயுள் தண்டனை என்று செய்தி வந்தால், அடுத்த அரை மணி நேரத்தில் வாட்ஸ்அப் குழுக்களில் என்னென்ன வரும் என்பது கிரிமினல் வழக்கு நடத்துகிற எல்லோருக்கும் மனப்பாடம். “ரவுடியைத்தானே சுட்டார், அதுக்கா தண்டனை?” “இனிமே எந்த போலீஸ்காரர் துப்பாக்கியைத் தொடுவார்?” “செத்தவனுக்குத்தான் மனித உரிமையா, மக்களுக்கு இல்லையா?” படித்தவர்கள் சொல்கிறார்கள், ஆசிரியர்கள் சொல்கிறார்கள், இப்போது சட்டக் கல்லூரி மாணவர்களும் சொல்ல ஆரம்பித்துவிட்டார்கள். அதனால்தான் இதை விரிவாக எழுத வேண்டியிருக்கிறது.

ஒரு வழக்கை எடுத்துக்கொள்வோம். 2006 நவம்பர் 11 மதியம், நவி மும்பையின் வாஷி பகுதியில் ராம்நாராயண் குப்தா என்பவரும் அவருடைய நண்பரும் ஒரு வண்டியில் ஏற்றிக் கொண்டு போகப்படுகிறார்கள். குப்தாவை ‘லக்கன் பையா’ என்று அழைப்பார்கள். மும்பை நிழலுலக தாதா சோட்டா ராஜனின் கும்பலைச் சேர்ந்தவர் என்பது போலீஸ் தரப்பு. அன்று மாலை வெர்சோவாவில் நானா நானி பூங்கா அருகே நடந்த ‘என்கவுன்டரில்’ அவர் இறந்ததாக அறிவிக்கிறார்கள். அவருடைய சகோதரர் ஒரு வழக்கறிஞர். “என் சகோதரரைத் தூக்கிவிட்டார்கள், உயிருக்கு ஆபத்து” என்று அன்றைக்கே, அந்த ‘மோதல்’ நடந்ததாகச் சொல்லப்படும் நேரத்துக்கு முன்பே, காவல் ஆணையர்களுக்குத் தந்தியும் ஃபேக்ஸும் அனுப்பிவிட்டார். சாயங்காலம் நடக்கப் போகும் ‘எதிர்பாராத மோதலை’ ஒரு குடும்பம் முன்கூட்டியே எப்படி அறிந்திருக்க முடியும்? இந்தக் கேள்விக்கு எதிர்த்தரப்பில் கடைசி வரை பதில் இல்லை.

2013 ஜூலையில் விசாரணை நீதிமன்றம் 13 காவலர்கள் உட்பட 21 பேரைக் குற்றவாளிகள் என்றது. இதே வழக்கில் குற்றம் சாட்டப்பட்ட, ‘என்கவுன்டர் அதிகாரி’ என்று பெயரெடுத்த போலீஸ் அதிகாரி பிரதீப் சர்மாவை விடுவித்தது. 2024 மார்ச் 19-இல் மும்பை உயர் நீதிமன்றம் அந்த விடுதலையை ரத்து செய்து அவருக்கும் ஆயுள் தண்டனை விதித்தது. 12 முன்னாள் காவலர்கள் உட்பட 13 பேரின் தண்டனையை உறுதி செய்து, 6 பேரை விடுவித்தது. சர்மா உச்ச நீதிமன்றம் சென்றிருக்கிறார். இடைப்பட்ட காலத்தில் நடந்த இரண்டையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். 2015 டிசம்பரில் மகாராஷ்டிர அரசே 11 காவலர்களின் தண்டனையை நிறுத்தி வைத்து அவர்களை வெளியே விட்டது. உயர் நீதிமன்றம் தலையிட்டு அந்த ஆணையை 2019-இல் ரத்து செய்தது. அதே 2019-இல் சர்மா சட்டமன்றத் தேர்தலில் வேட்பாளராக நின்றார், தோற்றார். என்கவுன்டர் அதிகாரி என்ற பெயர் ஓட்டாக மாறும் என்று ஒரு கட்சி நம்பியிருக்கிறது. நம் கைத்தட்டல் அந்த நம்பிக்கையை வளர்க்கிறது என்பதை யோசியுங்கள்.

இனி “ரவுடியைத்தானே” என்பதற்கு வருகிறேன். என்னை மிகவும் எரிச்சலூட்டும் வாதம் இதுதான்.

முதலில், சுடப்பட்டவர் ரவுடி என்று உங்களிடம் சொன்னது யார்? சுட்டவர்தான். டெல்லியில் 1997 மார்ச் 31 அன்று, கனாட் பிளேஸ் பக்கத்தில் பாரகம்பா சாலையில், ஒரு நீல நிற மாருதி எஸ்டீம் காரைச் சுற்றி வளைத்துக் குற்றப்பிரிவுப் போலீசார் சுட்டார்கள். தேடப்பட்டது யாசீன் என்ற ரவுடி. காரில் இருந்தது வியாபாரிகள். இருவர் இறந்தார்கள், மூன்றாமவர் குண்டுக் காயத்தோடு பிழைத்தார். அந்த வழக்கில் முதலில் போடப்பட்ட எஃப்.ஐ.ஆர். யார் மேல் தெரியுமா? காரில் இருந்தவர்கள் மேல். அவர்கள்தான் முதலில் சுட்டார்களாம், காரிலிருந்து கைத்துப்பாக்கியும் ‘கைப்பற்றப்பட்டது’. சி.பி.ஐ. விசாரித்தது. உதவி ஆணையர் எஸ்.எஸ். ராட்டி உட்பட 10 பேருக்கு 2007 அக்டோபரில் ஆயுள் தண்டனை கிடைத்தது. 2011 மே 2-இல் உச்ச நீதிமன்றம் அதை உறுதி செய்தது.

அந்தச் சம்பவத்தில் டெல்லியே கொதித்தது, காவல் ஆணையர் பதவியிலிருந்து மாற்றப்பட்டார். ஏன் கொதித்தது? இறந்தவர்கள் நம்மைப் போன்றவர்கள். அவர்கள் யாரென்று மறுநாள் தெரியாமலே போயிருந்தால்? அதே எஃப்.ஐ.ஆர்., அதே கைத்துப்பாக்கி, “ரவுடிக் கும்பலோடு மோதல், இருவர் பலி” என்று நான்கு வரிச் செய்தியாக முடிந்திருக்கும். நீங்களும் நானும் படித்துவிட்டு அடுத்த பக்கம் போயிருப்போம்.

சரி, உண்மையிலேயே ரவுடி என்றே வைத்துக்கொள்வோம். அப்போதும் சட்டம் மாறாது. குற்றவாளியைக் கொல்லக் காவலருக்குத் தனி அதிகாரம் எதுவும் கிடையாது. உங்களுக்கும் எனக்கும் இருக்கிற அதே தற்காப்பு உரிமைதான் அவருக்கும் (பழைய இந்திய தண்டனைச் சட்டத்தில் 96 முதல் 106 வரை, இப்போதைய பாரதிய நியாய சன்ஹிதாவில் 34 முதல் 44 வரை). அரிவாளோடு பாய்கிறவரைச் சுடலாம். அரிவாளைக் கீழே போட்டுவிட்டவரைச் சுட்டால் கொலை. ஆபத்து இருக்கிற வரைதான் உரிமை, தேவைப்படுகிற அளவுதான் பலம். கைது செய்யும்போது எதிர்த்தாலும், தப்பி ஓடினாலும், மரண தண்டனையோ ஆயுள் தண்டனையோ கிடைக்கக்கூடிய குற்றம் சாட்டப்படாத ஒருவரின் உயிரைப் பறிக்க அனுமதி இல்லை என்று கைது பற்றிய பிரிவே சொல்கிறது: முன்பு குற்றவியல் நடைமுறைச் சட்டம் 46(3), இப்போது அதன் இடத்தில் வந்திருக்கும் பி.என்.எஸ்.எஸ். 43(4). இறந்தவர் மேல் எத்தனை வழக்கு இருந்தது என்பது தற்காப்புக் கணக்கில் வரவே வராது. சுட்ட அந்த நொடியில் யார் உயிருக்கு என்ன ஆபத்து இருந்தது என்பதைத்தான் நீதிமன்றம் பார்க்கும்.

லக்கன் பையா வழக்கில் அரசுத் தரப்பு சொன்ன காரணம் இன்னும் பயங்கரமானது. குப்தாவோடு நில வியாபாரத்தில் மனக்கசப்பு ஏற்பட்ட ஒருவர், குப்தாவைத் தீர்த்துக்கட்டக் காவலர்களையே அமர்த்திக்கொண்டார் என்பது குற்றச்சாட்டு. அந்தக் காவலர்களின் ஜாமீன் ரத்து விவகாரம் 2011 மே மாதம் உச்ச நீதிமன்றம் வந்தபோது, நீதிபதி மார்க்கண்டேய கட்ஜு அமர்வு போலி என்கவுன்டரைத் திட்டமிட்ட கொலை என்றே சொன்னது. மேலதிகாரி உத்தரவு என்ற சமாதானம் செல்லாது என்றும் எச்சரித்தது. “ரவுடியைச் சுடலாம்” என்று ஊரே ஒப்புக்கொண்டால், உங்கள் நிலத்தின் மேல் கண் வைத்தவர் செய்ய வேண்டியது, உங்களுக்கு ரவுடி என்று பெயர் வாங்கித் தருவது மட்டும்தான்.

மேலதிகாரி உத்தரவு என்றதும் வயநாடு நினைவுக்கு வருகிறது. நக்சல் தலைவர் வர்கீஸ் 1970 பிப்ரவரியில் திருநெல்லியில் ‘மோதலில்’ இறந்ததாகச் சொன்னார்கள். உத்தரவின் பேரில் நான்தான் சுட்டேன் என்று ஒரு காவலர் 1998-இல் வெளிப்படையாகச் சொன்னார். அன்று டி.எஸ்.பி.யாக இருந்து ஐ.ஜி.யாக ஓய்வு பெற்ற லட்சுமணாவுக்கு 2010-இல் ஆயுள் தண்டனை விதிக்கப்பட்டது. நாற்பது ஆண்டுகள்! கீழ்நிலைக் காவலர்களிடம் ஒரு வேண்டுகோள்: சுடச் சொல்லி வாய்மொழி உத்தரவு வந்தால், அது சட்டப்படியானதா என்பதற்கு நீங்களும்தான் பொறுப்பு. பல வருடம் கழித்துக் கூண்டில் நிற்கும்போது உத்தரவிட்டவர் உங்களோடு நிற்பார் என்று நம்பாதீர்கள்.

“காவலர்களின் மனஉறுதி குலையும்” என்பதற்கு அதிகம் சொல்ல வேண்டியதில்லை. ஆபத்தில் நல்லெண்ணத்தோடு சுட்டு, அதிகார எல்லையைத் தாண்டிவிட்ட காவலருக்குச் சட்டமே விலக்கு வைத்திருக்கிறது. அது கொலையாகாத மரணமாகக் குறையும், தண்டனையும் குறையும். கொலைப் பிரிவில் தண்டனை வந்திருக்கிறது என்றால் அந்த விலக்கு பொருந்தாது என்று நீதிமன்றம் முடிவு செய்திருக்கிறது. பெரும்பாலும் மோதலே நடக்கவில்லை என்றுதான் பொருள். நேர்மையாகப் பணி செய்கிற காவலருக்கு அதில் பயப்பட ஒன்றும் இல்லை.

தண்டனை அளவு பற்றியும் இரு தரப்பிலும் குழப்பம். கொலைக்கு இரண்டே தண்டனைதான்: ஆயுள் அல்லது தூக்கு. “பத்து வருஷம் கொடுத்திருக்கலாமே” என்று நீதிபதியைத் திட்டாதீர்கள், அவரிடம் அந்த வாய்ப்பே இல்லை. “தூக்குல போடாம விட்டுட்டாங்க” என்பவர்களும் நிதானிக்கலாம். தீர்ப்பு வந்ததும் அதிகாரியின் வீட்டு முகவரியையும் பிள்ளைகள் படத்தையும் பரப்புவது நீதி அல்ல, அது வேறொரு குற்றம். மேல்முறையீட்டில் சிலர் விடுதலையானால் “பார்த்தீர்களா, என்கவுன்டர் உண்மைதான்” என்று துள்ளுவதும் தவறு. டேராடூனில் 2009 ஜூலையில் ஓர் இளம் எம்.பி.ஏ. பட்டதாரி கொல்லப்பட்ட வழக்கில், 2018-இல் டெல்லி உயர் நீதிமன்றம் 11 காவலர்களை விடுவித்தது. 7 பேரின் கொலைத் தண்டனையை அதே தீர்ப்பில் உறுதி செய்தது. விடுவிக்கப்பட்டவரின் பங்கு நிரூபிக்கப்படவில்லை என்பது வேறு, கொலை நடக்கவில்லை என்பது வேறு.

2019 டிசம்பரில் ஹைதராபாத் அருகே, பாலியல் வன்கொலை வழக்கில் கைதான நான்கு பேர் சுடப்பட்டபோது காவலர்கள் மேல் பூத் தூவினார்கள், இனிப்பு கொடுத்தார்கள். உச்ச நீதிமன்றம் அமைத்த சிர்புர்கர் ஆணையம், கொல்லும் நோக்கத்தோடுதான் சுட்டார்கள் என்றும் நால்வரில் மூவர் 18 வயது நிரம்பாதவர்கள் என்றும் சொன்னது. ஆணையத்தின் கருத்து நீதிமன்றத் தீர்ப்பு ஆகாது, அதையும் சொல்லிவிட வேண்டும். ஆனால் பூவைத் தூவிய நாளில் இதில் எதுவுமே யாருக்கும் தெரியாது. அதனால்தான் கெஞ்சிக் கேட்கிறேன், முதல் நாள் கொண்டாடாதீர்கள்.

கருத்துச் சொல்லியே ஆக வேண்டும் என்றால் இவற்றைக் கேளுங்கள். 2014 செப்டம்பர் 23-இல் மனித உரிமை அமைப்பான பி.யூ.சி.எல். தொடுத்த வழக்கில் உச்ச நீதிமன்றம் தந்த 16 நெறிமுறைகளிலிருந்து எடுத்தவைதான். தகவல் வந்தபோது அதை எழுத்திலோ மின்னணு வடிவிலோ பதிந்தார்களா? விசாரிப்பது சி.ஐ.டி.யா அல்லது வேறு காவல் நிலையமா, இல்லை சுட்டவர்களின் நிலையமேவா? பிரேதப் பரிசோதனையை மாவட்ட மருத்துவமனையில் இரண்டு மருத்துவர்கள் செய்தார்களா, வீடியோ எடுத்தார்களா? சுட்ட துப்பாக்கி ஆய்வுக்குப் போனதா? வீரம் சந்தேகமற நிறுவப்படும் முன்பே பதவி உயர்வோ விருதோ கொடுத்தார்களா? கொடுக்கக் கூடாது என்பதும் அந்த நெறிமுறையில் இருக்கிறது.

குடும்பத்தினருக்கு இதையே வேறு விதமாகச் சொல்ல வேண்டும். ஒருவரை அழைத்துச் சென்றுவிட்டார்கள், எங்கே என்று தெரியவில்லை என்றால் ஸ்டேஷன் ஸ்டேஷனாக அலைந்துகொண்டே இருக்காதீர்கள். ஒருவர் அலையட்டும், இன்னொருவர் உடனே எழுதட்டும். அழைத்துச் சென்ற நேரம், இடம், வண்டி எண், பார்த்தவர் யார் என்று நான்கு வரி போதும். எஸ்.பி. அல்லது ஆணையர், நீதித்துறை நடுவர், மாநில மனித உரிமை ஆணையம் மூவருக்கும் மின்னஞ்சல் அனுப்புங்கள். 112-க்கும் அழையுங்கள், அந்த அழைப்பு பதிவாகும். மின்னஞ்சலில் விழுகிற நேரம்தான் பிறகு உங்கள் சாட்சி. லக்கன் பையா வழக்கில் தந்தி செய்த வேலையை இன்று அது செய்யும். 24 மணி நேரத்துக்குள் நடுவர் முன் நிறுத்தவில்லை என்றால் ஆட்கொணர்வு மனு, தென் மாவட்டங்கள் என்றால் மதுரைக் கிளையில்.

மரணம் நடந்துவிட்டால், துக்கத்தில் எல்லாவற்றுக்கும் கையெழுத்துப் போட்டுவிடாதீர்கள். முதலில் பிடித்து வைத்து, பிறகு சுட்டார்கள் என்பது உங்கள் புகார் என்றால் அது காவல் மரணம். பி.என்.எஸ்.எஸ். 196(2)-இன்படி நீதித்துறை நடுவர் விசாரிக்க வேண்டும், ஆர்.டி.ஓ. விசாரணை போதாது என்று எழுத்தில் கேளுங்கள். உடலை உடனே தகனம் செய்ய அவசரப்படுத்துவார்கள். மறு பரிசோதனை தேவைப்படலாம், சந்தேகம் இருந்தால் வழக்கறிஞரிடம் பேசாமல் ஒப்புக்கொள்ளாதீர்கள்.

உடைகளைப் பற்றிச் சொல்லாமல் விட முடியாது. கைத்துப்பாக்கியால் மிக அருகில் சுட்டால், காயத்தைச் சுற்றிப் புகைக் கரி படியும். இன்னும் சற்றுத் தள்ளி என்றால் எரியாத வெடிமருந்துத் துகள்கள் தோலில் புள்ளி புள்ளியாகக் குத்தியிருக்கும். பல அடி தூரத்திலிருந்து சுட்டால் இரண்டும் இருக்காது. எஃப்.ஐ.ஆரில் “முப்பது அடி தூரத்தில்” என்று எழுதிவிட்டு, காயத்தில் கரி இருந்தால் கதை அங்கேயே உடையும். ஆனால் சட்டை போட்டிருந்தால் கரியும் துகளும் சட்டையில்தான் நிற்கும், தோல் சுத்தமாகத் தெரியும். சட்டை தொலைந்தால் தூரம் தொலையும். ஆகவே உடைகளை நிழலில் உலர்த்தி, காகித உறையில், ஒவ்வொன்றையும் தனித்தனியாக முத்திரையிட்டு அனுப்பும்படி முதல் நாளே மனுக் கொடுங்கள். ஈரத்தோடு பிளாஸ்டிக் பையில் போட்டால் பூஞ்சை பிடித்துவிடும்.

கடைசியாகச் சாட்சிகள். வாஷியில் குப்தாவோடு தூக்கப்பட்ட அந்த நண்பர்தான் வழக்கின் முக்கியச் சாட்சி. 2011 மார்ச்சில், சாட்சியம் சொல்ல வேண்டிய நாளுக்குச் சில நாள் முன்பு காணாமல் போனார். எரிந்த உடலாகக் கிடைத்தார். அதற்கு இன்னும் யாரும் தண்டிக்கப்படவில்லை என்று 2024 தீர்ப்பிலேயே உயர் நீதிமன்றம் வேதனைப்பட்டது. என்கவுன்டரை நேரில் பார்த்தவரின் பெயர், முகம், ஊர், பேட்டி எதையும் பகிராதீர்கள், ஆதரவாகக்கூட வேண்டாம். மிரட்டல் இருந்தால் 2018 சாட்சிகள் பாதுகாப்புத் திட்டத்தின் கீழ் மாவட்ட அளவிலான குழுவிடம் மனுக் கொடுக்கலாம். மாவட்ட நீதிபதிதான் அதன் தலைவர். மிரட்டல் குறித்த அறிக்கையை ஐந்து வேலை நாட்களுக்குள் காவல்துறை தர வேண்டும். பாதுகாப்பு ஒரு முறைக்கு மூன்று மாதம் வரைதான் கிடைக்கும், முடியும் முன்பே நீட்டிக்கக் கேட்டுவிடுங்கள்.