ஜாடி சுழலும், மூடி எழும்பும்

தேவகோட்டை வாசகர் ஒருவர் கேட்டிருக்கிறார்: “ஒரகடம் பக்கம் ஒரு குடோன்ல என் மகன் வேலை பார்க்கிறான். அங்க அலமாரியே இவனைத் தேடி வருதாம். டிரைவர் இல்லாம அதுக்கு எப்படிங்க வழி தெரியும்?”

அலமாரி ஏன் வர வேண்டும் என்பதிலிருந்து தொடங்குகிறேன். எங்கள் வீட்டுக் கல்யாணங்களில் அப்பத்தா வளவில் உட்கார்ந்தபடி, “விலாசம் வெட்டின பெரிய அண்டாவ எடுத்தாப்பா” என்பார்கள். அண்டாவைத் தூக்குவது ஒரு நிமிட வேலை. சாமான் அறைக்கு நடப்பதும், அங்கே தேடுவதும்தான் நேரத்தைத் தின்னும். பெரிய குடோன்களிலும் அப்படியே. பொருள் எடுக்கும் ஊழியரின் நேரத்தில் ஏறக்குறைய பாதி நடையிலேயே போய்விடும். அமெரிக்காவில் 2003இல் தொடங்கிய கிவா சிஸ்டம்ஸ் இதைத் தலைகீழாக்கியது: ஆள் நிற்கட்டும், அலமாரி வரட்டும். 2012இல் அமேசான் அந்த நிறுவனத்தை 77.5 கோடி டாலருக்கு வாங்கியது.

இனி, வழி. ஆத்தங்குடிக் கல் பதித்த பட்டாலையை நினைத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு கல்லின் நடுவிலும் ஒரு எண் எழுதியிருந்தால், குனிந்து பார்த்தே எங்கே நிற்கிறோம் என்று சொல்லிவிடலாம். குடோன் தரையில் அதே போலக் கட்டம் கட்டமாகக் கியூஆர் கோடு மாதிரியான ஸ்டிக்கர்கள். அலமாரிக்கு அடியில் புகுந்து அதைச் சுமந்து வரும் குட்டி வண்டியின் வயிற்றில் ஒரு கேமரா. ஒரு ஸ்டிக்கருக்கும் அடுத்ததற்கும் இடையே சக்கரம் எத்தனை சுற்று சுற்றியது என்று எண்ணிக்கொண்டு போகும். சிறு பிசகு இருந்தால் அடுத்த ஸ்டிக்கரில் திருத்திக்கொள்ளும். எந்த அலமாரியில் எது இருக்கிறது, எந்த வண்டி எந்தக் கட்டத்தில் போகலாம் என்பதெல்லாம் கம்ப்யூட்டர் கணக்கு.

என்னைக் கட்டிப்போட்டது கிவா வண்டி அலமாரியைத் தூக்கும் விதம்தான். ஒரு அடி உயர வண்டி, சுமார் 450 கிலோ சுமை. ஊறுகாய் ஜாடியை எடுங்கள். திருகு மூடியை ஒரு கையால் அசையாமல் பிடித்துக்கொண்டு, ஜாடியை மட்டும் திருப்புங்கள். மூடி சுற்றவே இல்லை. ஆனால் மேலே எழும்புகிறது! வண்டியின் மேல்தட்டுதான் மூடி, உடல்தான் ஜாடி, நடுவே பெரிய திருகு. அலமாரிக்கு அடியில் நுழைந்ததும், ஒரு சக்கரம் முன்னோக்கியும் மற்றது பின்னோக்கியும் உருள, உடல் நின்ற இடத்திலேயே சுழல்கிறது. தட்டு உடலைப் பொறுத்தவரை அதே வேகத்தில் எதிர்ப்பக்கம் திரும்புவதால், தரையில் நிற்கும் நம் கண்ணுக்கு அது திரும்புவதே இல்லை. அலமாரி ஆடாமல் அசையாமல் தரையை விட்டு எழுகிறது. திருகின் புரிகளுக்கு நடுவே ஓடும் எஃகுக் குண்டுகள் உராய்வைக் குறைக்கின்றன. நகர்த்துகிற சக்கரமே தூக்கவும் உதவுகிறது! உங்கள் மகனிடம் கேளுங்கள், அங்கேயும் வண்டி இப்படித்தான் தூக்குகிறதா என்று.

காரைக்குடி அரிசி மண்டிக்கு இவ்வளவு தேவையில்லை. லாரிக்கு ஏற்ற ஒரு சாய்வு கன்வேயர், அடுக்க ஒரு ஃபோர்க்லிஃப்ட் போதும். ஆனால் அது கட்டாயம் வேண்டும். 50 கிலோ மூட்டையைக் குனிந்து எடுக்கும்போது சுமை இடுப்பெலும்பிலிருந்து அரை மீட்டர் தள்ளி இருக்கிறது. அதைத் தாங்கும் முதுகுத் தசையோ எலும்பிலிருந்து 5 செ.மீ. தூரத்தில்தான். நெம்புகோல் கணக்குப்படி தசை பத்து மடங்கு இழுக்க வேண்டும், அதாவது 500 கிலோ எடைக்குச் சமமான விசை. ஆணுக்கு 55 கிலோதான் உச்சம் என்று சர்வதேசத் தொழிலாளர் அமைப்பு 1967லேயே பரிந்துரைத்துவிட்டது. சுமை தூக்குகிறவர் முதுகு போவதைத் தலையெழுத்து என்று யாராவது சொன்னால் எனக்குக் கோபம் வருகிறது. வேலை போய்விடுமே என்ற அவர்களுடைய பயம் நியாயமானது. அதனால் மெஷினை ஓட்டும் வேலையை அதே ஆட்களுக்குத்தான் பழக்கித் தர வேண்டும்.

இந்த வண்டிகளின் உயிர் பேட்டரி. சார்ஜ் குறைந்தால் தானே போய்ச் செருகிக்கொள்ளும். பேட்டரிகளை ஆராயும் சிக்ரி, அதாவது மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையம், நம் காரைக்குடியிலேயே இருக்கிறது. 1948இல் அடிக்கல் நாட்டி 1953இல் திறந்த ஆய்வகம். அதற்கு அழகப்பச் செட்டியார் 300 ஏக்கர் நிலமும் 15 லட்சம் ரூபாயும் கொடுத்தார். அந்த வழியில் நம் மண்டிக்காரர்கள் ஆண்டுக்கு ஓர் ஆராய்ச்சி மாணவருக்காவது உதவித்தொகை கொடுக்கலாம்.