ஓவியத்தை விற்றீர்கள், அச்சிடும் உரிமையையும் விற்றீர்களா?

இந்த மாதமும் ஓர் ஓவியர் காலண்டர் ஒன்றைச் சுருட்டிக் கையில் பிடித்தபடி என் அலுவலகத்துக்கு வந்தார். கோயில் கோபுரத்தை நீர்வண்ணத்தில் தீட்டிய படத்தை அவர் ஒரு ஜவுளிக்கடை உரிமையாளருக்கு விற்றிருந்தார். அடுத்த ஆண்டே அது அந்தக் கடையின் காலண்டரிலும் துணிப்பையிலும் அச்சாகி ஊர் முழுவதும் போய்விட்டது. "படத்தைத்தான் விற்றுவிட்டேனே, இனி நான் என்ன கேட்க முடியும்?" என்றார். பதிப்புரிமை வழக்குகளை நடத்தும் வழக்கறிஞராக இதே கேள்வியைக் கேட்டுக் கேட்டு மனம் சலித்துவிட்டதால் இதை எழுதுகிறேன்.

நிச்சயமாகக் கேட்க முடியும். நீங்களாகத் தீட்டி வைத்திருந்த ஓவியத்தை ஒருவர் வாங்கினால், அவருக்குச் சொந்தமாவது அந்த ஓவியம் மட்டுமே. அதை அவர் வீட்டில் மாட்டலாம், பரிசளிக்கலாம், வேறொருவருக்கு விற்கலாம். நகலெடுத்து அச்சிடும் உரிமை உங்கள் வாழ்நாள் முழுவதும் உங்களிடமும், அதன்பின் 60 ஆண்டுகள் உங்கள் வாரிசுகளிடமும் இருக்கும். அவர் எவ்வளவு பெரிய தொகை கொடுத்தார் என்பதோ, ரசீதில் "முழுத்தொகையும் பெற்றுக்கொண்டேன்" என்று நீங்கள் எழுதிக் கொடுத்ததோ இதை மாற்றாது. 1957ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டப்படி, நீங்கள் எழுத்து வடிவில் கையெழுத்திட்டுக் கொடுத்தால்தான் அந்த உரிமை கைமாறும். பதிப்புரிமையைப் பதிவு செய்யவில்லையே என்றும் பலர் கலங்குகிறார்கள், பதிவு கட்டாயமில்லை.

ஆனால் மகிழ்ச்சி மிகுதியில், "இனி இது உங்கள் படம், எப்படி வேண்டுமானாலும் பயன்படுத்திக்கொள்ளுங்கள்" என்று வாட்ஸ்அப்பில் அனுப்பிவிடாதீர்கள். எதிர்த்தரப்பு அதையே நீங்கள் கொடுத்த அனுமதி என்று நீதிமன்றத்தில் முன்வைக்கும்.

ஒருவர் கேட்டுக்கொண்டு, பணமும் பேசி நீங்கள் வரைந்து கொடுக்கும் ஓவியத்துக்கோ உருவப்படத்துக்கோ நிலைமை நேர்மாறானது. வேறு ஒப்பந்தம் இல்லாவிட்டால் அதன் பதிப்புரிமைக்கு முதல் உரிமையாளர் வரையச் சொன்னவரே. ஆகவே முன்பணம் வாங்கும்போதே, பதிப்புரிமை ஓவியரிடமே இருக்கும் என்று ஒரு வரி எழுதி இருவரும் கையெழுத்திடுங்கள். தயவுசெய்து இதைத் தள்ளிப்போடாதீர்கள், ஓவியம் கைமாறியபின் யாரும் அந்த வரியை எழுதித் தருவதில்லை.

அச்சிடும் உரிமையைத் தனியாக விற்பது நல்ல வருமானம். எந்தப் பொருளில், எத்தனை பிரதிகள், எந்த ஊர்களில், எத்தனை ஆண்டுகள், எவ்வளவு தொகை என்பதைக் குறிப்பிடுங்கள். உரிமை மாற்றப் பத்திரத்தில் காலம் சொல்லப்படாவிட்டால் ஐந்து ஆண்டுகள் என்றும், எல்லை சொல்லப்படாவிட்டால் இந்தியா முழுவதும் என்றும் சட்டம் எடுத்துக்கொள்ளும். "எல்லா உரிமைகளும், நிரந்தரமாக" என்ற சொற்களுக்குக் கீழே, படிக்காமல் கையெழுத்திடுபவர்களைப் பார்க்கும்போது எனக்குக் கோபமே வருகிறது.

உரிமையை விற்ற பிறகும் ஓவியரின் பெயரும் படைப்பின் மாண்பும் காக்கப்பட வேண்டும். மத்திய அரசின் மாநாட்டு அரங்கமான டெல்லி விஞ்ஞான் பவனிலிருந்து 1979இல் அகற்றப்பட்டுச் சிதைந்துபோன சுவர்ச்சிற்பத்துக்காக, அதைச் செய்த சிற்பி அமர்நாத் சேகல் மத்திய அரசின் மீது வழக்குத் தொடுத்தார். எஞ்சிய பகுதிகளைத் திருப்பிக் கொடுத்து, 5 லட்சம் ரூபாய் இழப்பீடும் வழங்குமாறு டெல்லி உயர் நீதிமன்றம் 2005இல் தீர்ப்பளித்தது. பணம் கொடுத்துச் செய்வித்தது அரசாக இருந்தும் சிற்பியின் அந்த உரிமை அழியவில்லை.

கேலரியில் படங்களை ஒப்படைக்கும்போது ஒவ்வொன்றின் அளவு, விலை, கமிஷன் விழுக்காடு, திருப்பித் தரும் தேதி ஆகியவை அடங்கிய பட்டியலில் கையெழுத்து வாங்குங்கள். விற்கும் ஒவ்வொரு படத்தின் ரசீதிலும் "அச்சிடும் உரிமை சேர்க்கப்படவில்லை" என்று எழுதுங்கள்.

உங்கள் படம் ஏற்கெனவே எங்காவது அச்சாகியிருந்தால், முகநூலில் சண்டையிடுவதற்கு முன் அந்தப் பொருளைப் பில்லுடன் வாங்கி வைத்து, மூல ஓவியத்தின் புகைப்படங்களையும் பழைய செய்திப் பரிமாற்றங்களையும் அழிக்காமல் எடுத்துக்கொண்டு வழக்கறிஞரைப் பாருங்கள். இழப்பீடு கோர, மீறல் நடந்த நாளிலிருந்து மூன்று ஆண்டுகள்தான் அவகாசம்.