ரிஜெக்‌ஷன் ஏறினால் வருகைப் பதிவேட்டையும் பாருங்கள்

கோவை கணபதி, பீளமேடு, குறிச்சி சிட்கோ பக்கம் பத்துப் பதினைந்து பேரோடு ஓடும் சிஎன்சி (கணினி கட்டுப்படுத்தும் மிஷின்) ஜாப் ஆர்டர் பட்டறைகளில் ரிஜெக்‌ஷன் (தேறாமல் கழிவாகும் பீஸ்) ஏறினால் முதலில் மிஷினைச் சோதிப்பார்கள், அடுத்து மெட்டீரியலை. ஆள் மாறியதா என்று பார்ப்பது அபூர்வம். கழிவான பீஸ்களின் தேதி, நேரத்தையும் அப்போது மிஷினில் நின்றவர் வேலைக்குச் சேர்ந்த தேதியையும் ஒரே தாளில் எழுதிப் பாருங்கள். புது ஆளின் முதல் வாரங்களிலும் 12 மணி நேர ஷிப்டின் கடைசி மணிகளிலும் கழிவு குவிந்திருந்தால், கோளாறு மிஷினில் இல்லை.

எத்தனை பீஸுக்கு ஒருமுறை இன்சர்ட் (வெட்டும் முனை) மாற்றுவது, அளவு நகரும்போது எத்தனை மைக்ரான் ஆஃப்செட் (மிஷினில் போடும் அளவுத் திருத்தம்) கொடுப்பது என்பதெல்லாம் பழைய ஆபரேட்டரின் தலைக்குள் இருக்கும். அவர் போனால் அதுவும் போய்விடும். ஒவ்வொரு ஜாப்புக்கும் ஒரு தாள் போடுங்கள்: இன்சர்ட் கிரேடு, மாற்ற வேண்டிய எண்ணிக்கை, அளக்க வேண்டிய இடம், எத்தனை பீஸுக்கு ஒருமுறை அளப்பது என்பது. முதல் பீஸை அளந்து கையெழுத்துப் போட்ட பிறகே ஓட்டட்டும். ஷிப்ட் மாறும்போது இருவரும் 15 நிமிடம் சேர்ந்து நின்று, செய்த ஆஃப்செட் மாற்றத்தை எழுதிக் கொடுக்கட்டும்.

ஊக்கத்தொகையை மொத்த பீஸுக்குக் கொடுத்தால் தேய்ந்த இன்சர்ட்டிலேயே ஓட்டுவார்கள். தேறிய பீஸுக்கு மட்டும் கொடுங்கள். ஆனால் வார்ப்பில் இருந்த ஓட்டைக்கும் கரண்ட் போன நேரத்துக்கும் ஆபரேட்டரிடம் பணம் பிடிக்காதீர்கள். பிடித்தால் கெட்ட பீஸ் நல்ல டிரேயில் கலந்து, வாங்கியவரிடமிருந்து திரும்பி வரும்.

அட்வான்ஸ் கொடுத்து ஆளைக் கட்டிவைக்கும் பழக்கம் பலன் தருவதில்லை. பக்கத்துப் பட்டறைக்காரர் அந்தக் கடனை அடைத்துவிட்டு ஆளை இழுத்துக்கொள்வார். சொன்ன தேதியில் சம்பளமும், ஓவர்டைமுக்குச் சட்டப்படி இரட்டைக் கணக்கும் அதைவிட நன்றாகப் பிடித்துவைக்கும்.

அட்வான்ஸ் கேட்பதற்குப் பெரும்பாலும் காரணம் ஆஸ்பத்திரிச் செலவு. 10 பேர் இருந்தால் இஎஸ்ஐ (தொழிலாளர் அரசு காப்பீடு) கட்டாயம். 21,000 ரூபாய் வரை சம்பளம் வாங்குபவர் அதில் வருவார். 18,000 ரூபாய்க்கு முதலாளி பங்கு 3.25 சதவீதம், அதாவது 585 ரூபாய். தொழிலாளி பங்கு 135. இதை மிச்சம் பிடிக்க ஒன்பது பேராகவே கணக்குக் காட்டுபவர்கள் அதைவிடப் பெரிய தொகையை அட்வான்ஸாக இழக்கிறார்கள். தகுதியான நாட்கள் சந்தா கட்டியவருக்கு நோய்க்கால விடுப்பில் 70 சதவீதக் கூலி ஆண்டுக்கு 91 நாள் வரை கிடைக்கும். வேலை விபத்துக்கு அந்தச் சந்தா நாள் கணக்கு கிடையாது, முதல் நாளிலிருந்தே உரிமை உண்டு. அதனால் ‘ஒரு மாதம் நிற்கிறானா பார்ப்போம்’ என்று பதிவைத் தள்ளிப்போடாமல், சேர்ந்த அன்றே இஎஸ்ஐ எண் வாங்கிவிடுங்கள். விரல் போன பிறகு போடும் பதிவு விசாரணையில்தான் போய் நிற்கும்.