பிரமிடெல்லிட்: சொல் விளக்கம்

வீட்டில் உப்புநீர்ப் பவளத் தொட்டி வைத்திருப்பவர்கள், மட்டியின் ஓட்டிலோ பெரிய நத்தையின் முதுகிலோ வெள்ளை வெள்ளையாகச் சிற்றுயிர்கள் ஒட்டிப் பெருகுவதைக் கண்டதும் கலங்கிச் சொல்லும் பெயர் பிரமிடெல்லிட். கடல்வாழ் ஒட்டுண்ணி நத்தைக் குடும்பம் ஒன்றைச் சேர்ந்த எந்தச் சிற்றினத்தையும் இது பொதுவாகக் குறிக்கும். தொட்டியில் தென்படும் சிறு நத்தை அனைத்தையும் இப்பெயரால் அழைத்து, நன்மை செய்பவற்றையும் பிடித்து எறிந்துவிடுவோர் உண்டு என்பதால், இச்சொல்லின் எல்லையைத் தெளிவாக வகுத்துக்கொள்வது அவசியம்.

பிரமிடு என்று நாம் எழுதும் சொல், கிரேக்கத்திலிருந்து இலத்தீன் வழியாக ஐரோப்பிய மொழிகளில் பரவியது. அதனோடு சிறுமை காட்டும் இலத்தீன் விகுதி சேர, 'சிறு பிரமிடு' என்று பொருள்படும் பிரமிடெல்லா உருவாயிற்று. பிரெஞ்சு இயற்கை அறிஞர் லாமார்க் 1799இல் இதனை ஒரு பேரினத்தின் பெயராக்கினார்; பிரித்தானிய விலங்கியலாளர் ஜான் எட்வர்ட் கிரே 1840இல் அதிலிருந்து பிரமிடெல்லிடே என்னும் குடும்பப் பெயரை அமைத்தார். அதன் ஈறு குறைந்த வழக்கே பிரமிடெல்லிட்.

இப்பெயர் ஓட்டின் வடிவத்தை மட்டுமே சொல்கிறது. இவ்வுயிரின் தனித்தன்மையோ வாயில் இருக்கிறது. பாசியைச் சுரண்டித் தின்னும் நத்தைகளுக்கு நுண்பற்கள் அடர்ந்த நாக்கு உண்டு. பிரமிடெல்லிட்டுக்கு அது கிடையாது. அதற்கு மாறாக, நீண்டு சுருங்கும் துதிக்கையும், சதையைத் துளைக்கும் ஊசி உறுப்பும், உடல்நீரை இழுக்கும் தசைப்பம்பும் அமைந்துள்ளன. பகலில் டிரிடாக்னா என்னும் பெருமட்டியின் அடிப்பகுதியிலும் ஓட்டின் செதில்களுக்கு இடையிலும் பதுங்கியிருந்து, இருட்டியபின் மட்டியின் சதை விளிம்புக்கு ஏறி வந்து துதிக்கையை நுழைக்கும். ஒவ்வொன்றும் ஆணும் பெண்ணுமாய் இருப்பதாலும், கூழ் போன்ற பொதியில் முட்டைகளை ஓட்டின்மீதே ஒட்டிவிடுவதாலும், அடைபட்ட தொட்டியில் இவை விரைவாகப் பெருகுகின்றன.

இவற்றோடு குழப்பிக்கொள்ளப்படுவது பெரும்பாலும் கொலோனிஸ்டா. பவளப் பாறைத்துண்டுகளோடு தொட்டிக்குள் வந்து சேரும் இந்நத்தையும் சில மில்லிமீட்டர் அளவினது. இதுவும் இரவில் நடமாடுவது. இதுவும் தொட்டிக்குள்ளேயே இனம் பெருக்குவது. ஆகவே அளவையும் எண்ணிக்கையையும் நடமாடும் நேரத்தையும் கொண்டு முடிவு கட்ட இயலாது. ஓட்டைப் பார்க்கவேண்டும். பிரமிடெல்லிட் அரிசிமணி போல வெளுத்து நீண்டு நுனி கூர்ந்திருக்கும். உருப்பெருக்கியில் நோக்கினால், நுனியில் உள்ள இளம்பருவச் சுருள் மற்றச் சுருள்களின் போக்கிலிருந்து விலகித் திரும்பியிருப்பது தெரியும். கொலோனிஸ்டா உருண்டையானது, பெரும்பாலும் பழுப்புப் புள்ளிகளோ திட்டுகளோ கொண்டது. உள்ளே ஒடுங்கும்போது சுண்ணாம்பாலான கெட்டி மூடியால் வாயை அடைத்துக்கொள்ளும். கண்ணாடியிலும் பாறையிலும் படியும் பாசிப் படலத்தைத் தின்று வாழும் அதனை அகற்றத் தேவையில்லை. பிரமிடெல்லிட்டையோ, மட்டியைத் தொட்டியின் நீரே நிறைந்த வேறு பாத்திரத்தில் வைத்து, மென்மையான தூரிகையால் முட்டைப் பொதியோடு சேர்த்துத் தேய்த்து நீக்கவேண்டும். முட்டை எஞ்சினால் மீண்டும் வரும் என்பதால், சில வாரங்களுக்கு இதைத் திரும்பத் திரும்பச் செய்யவேண்டியிருக்கும்.

தமிழில் என்ன சொல்வது? நத்தைக்கும் சங்குக்கும் உரிய 'நந்து' என்ற சொல், 'நந்தும் முரளும் ஈரறி வினவே' என்று தொல்காப்பிய மரபியலிலேயே வருகிறது. 'ஊர்' என்னும் வினையோடு பொருந்தும் 'ஊரி' என்ற சொல்லும் நமக்கு உண்டு. யாழ்ப்பாணக் கரையில் சிறு கடல் நத்தை ஓடுகளை இன்றும் ஊரி என்கிறார்கள். சிறு பிரமிடு நத்தை என்று நேராகப் பெயர்த்தால் ஒன்றும் விளங்காது. கூம்பு நத்தை என்பதும் பொருந்தாது. அப்பெயர் நச்சுக் கணை எய்யும் கோனஸ் நத்தைக்கு உரியதாகிவிட்டது. உணவு கொள்ளும் முறையைக் கொண்டு 'உறிஞ்சி நத்தை' என்பதே தகும் என்பது என் கருத்து. சுருங்கச் சொல்ல விரும்புவோர் 'உறிஞ்சூரி' எனலாம். கொலோனிஸ்டாவின் நெருங்கிய உறவான டர்போ நத்தையின் பெயருக்கு இலத்தீனில் பம்பரம் என்று பொருள். அதனைப் பின்பற்றி, பாசி தின்னும் இந்த உருண்டைச் சிறு நத்தையைப் 'பம்பர ஊரி' என வழங்கலாம்.